கோர்வைத் தறியின் இரண்டாவது ஆள்

ஆங்கிலத்தில் ‘வொர்க்கிங் பேப்பர்ஸ்’ என்றொரு தொடர் வழங்குகிறது. ‘வேலைக் காகிதங்கள்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்க நாட்டில் இத்தொடருக்கு இரண்டு பொருள்கள் உண்டு. வயது நிரம்பாத சிறுவனோ சிறுமியோ கூலி வேலைக்குச் செல்லுமுன், பள்ளிக்கூடத்திலோ தொழிலாளர் அலுவலகத்திலோ பெறுகிற அனுமதிச் சீட்டு ஒன்று. கணக்குத் தணிக்கை செய்பவர், தாம் எதைப் பார்த்தார், எதை எண்ணினார், யாரை என்ன கேட்டார், எவ்வாறு ஒரு முடிவுக்கு வந்தார் என்று குறித்து வைத்துக்கொள்ளும் ஏடுகள் மற்றொன்று. ஒன்று பிள்ளையைப் பற்றியது; மற்றொன்று பணத்தைப் பற்றியது. இவ்விரண்டுக்கும் பெயரைத் தவிர வேறு உறவு இல்லை என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சங்கங்களை ஆய்வு செய்யும் உத்தியோகத்தில் சில ஆண்டுகள் கழித்து, ஒரு பட்டுத் தறியின் முன் நின்றபோது அந்த எண்ணம் மாறிற்று. அது மாறிய வரலாற்றை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நெசவாளர்களுக்குக் கோர்வையைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆயினும் இவ்விதழை வாசிக்கும் விவசாய அங்கத்தினர்களுக்காகச் சில வார்த்தைகள். சேலையின் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமைய, இரண்டின் ஊடை இழைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி நெய்வது கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடாக்கள், ஆக மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெசவாளருக்கு இருப்பனவோ இரண்டு கைகள். எனவே ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட்டு வாங்க, தறியின் ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்தாக வேண்டும். காஞ்சிபுரம், ஆரணிப் பக்கங்களில் வீட்டுப் பெண்கள் இந்த வேலையைச் செய்வதுண்டு. பிள்ளைகள் செய்வதும் நெடுநாளைய வழக்கம்.

சங்கத்தின் ரிஜிஸ்தர்களில் இந்த இரண்டாவது ஆளுக்கு இடம் கிடையாது. பாவு வழங்கிய பதிவேட்டில் அங்கத்தினர் பெயர் இருக்கும். ஜரிகை எடை இருக்கும். சேலை வரவு இருக்கும். கூலிப் பட்டியலில் அங்கத்தினர் கையொப்பம் இருக்கும். இரண்டு பேர் உழைத்த சேலைக்கு ஒரே பெயர். இதில் மோசடி ஏதும் இல்லை. ஒரு தறி, ஓர் அங்கத்தினர், ஒரு கூலி என்பதே சங்கக் கணக்கின் அமைப்பு. ஆனால் அந்த அமைப்பின் நிழலில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

சிறுவர்களின் வேலைக்குக் காகிதம் கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதுவும் ஒரு நெசவுக் கதையாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் 1833-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், 9 வயதுக்குக் குறைந்த குழந்தைகளைத் துணி ஆலைகளில் வேலைக்கு வைக்கலாகாது என்றும், 9 முதல் 13 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 9 மணி நேரமே வேலை என்றும் விதித்தது. (பட்டு ஆலைகளுக்கு மட்டும் அந்த 9 வயது வரம்பிலிருந்து விலக்கு அளித்தார்கள். பட்டு என்றால் அந்நாளிலும் சட்டத்தின் கண் சற்றே மூடிக்கொண்டது போலும்!) சட்டம் வந்ததே தவிர, குழந்தையின் வயதை அறிய வழியில்லை. அந்நாட்டில் அரசாங்கப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837-இல்தான். ஆகையால் மருத்துவர் ஒருவர் குழந்தையைப் பார்த்து, 9 வயதுக் குழந்தைக்கு இயல்பாக உள்ள வலிமையும் தோற்றமும் இதற்கு உண்டு என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். பார்க்காமலே எழுதிக் கொடுப்போரும், உயரமான பிள்ளையைக் காட்டிச் சான்று வாங்கிக் குட்டைப் பிள்ளையை ஆலைக்குள் அனுப்புவோரும் தோன்றினர். 1837-இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், உயரத்தை நம்பாதீர்கள், பல்லைப் பாருங்கள் என்று வாதித்து ஒரு சிறு நூலே எழுதிப் பாராளுமன்றத்தின் முன் வைத்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்து வயது சொல்வதை நாம் அறிவோம். ஆலைப் பிள்ளைகளுக்கும் அந்த நிலை வந்தது.

பல்லின் இடத்தை இக்காலத்தில் எலும்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன்படி, ஒருவரது வயதைத் தீர்மானிக்கப் பள்ளிச் சான்றையோ, தேர்வு வாரியம் வழங்கிய மெட்ரிக் அல்லது அதற்கு இணையான சான்றையோ முதலில் பார்க்கவேண்டும். அது இல்லையேல் உள்ளாட்சி மன்றம் தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சிச் சோதனை. இதில் சங்கச் செயலாளர்கள் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நமது அலுவலகங்களில் வயது என்றதும் ஆதார் அட்டையின் நகலைச் செருகிவிடுகிறார்கள். ஆதார் அட்டை ஆளை அடையாளம் காட்டுவதற்கு உரியது, பிறந்த தேதியை நிரூபிப்பதற்கு ஏற்றதன்று என்ற கருத்தை உச்ச நீதிமன்றமே 2024-இல், ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், ஏற்றுப் பள்ளிச் சான்றின் தேதியைக் கொண்டது. 

அமெரிக்காவில் வேலைக் காகிதம் இன்னும் பல மாநிலங்களில் வழக்கில் இருக்கிறது. வயதுச் சான்று, பெற்றோர் சம்மதம், என்ன வேலை என்று முதலாளி எழுதிய குறிப்பு, சில இடங்களில் மருத்துவர் சான்று ஆகியவற்றைப் பார்த்த பிறகே சீட்டுத் தருவார்கள். ஆர்கன்சா மாநிலம் 2023-இல், 16 வயதுக்குட்பட்டோருக்கு இருந்த அனுமதிச் சீட்டு முறையை எடுத்துவிட்டது. பெற்றோருக்கு வீண் அலைச்சல் என்பது சொல்லப்பட்ட காரணம். அலைச்சல் உண்மைதான். ஆயினும் வேலைக்குப் போகும் பிள்ளையை, போகுமுன் அன்னியர் ஒருவர் ஒருமுறை பார்த்து வைப்பதற்கு இருந்த ஒரே சந்தர்ப்பம் அதுவே அல்லவா என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் இப்படிப்பட்ட அனுமதிச் சீட்டு என்று ஒன்று பொதுவாக இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதற்கு நெருங்கிய ஒன்றை வைத்திருந்தது. 14 வயது நிறைந்து 18 நிறையாதவர் ஆலையில் வேலை செய்யவேண்டுமானால், சான்றளிக்கும் மருத்துவர் பரிசோதித்து உடல்தகுதிச் சான்று தரவேண்டும். அந்தச் சான்று நிர்வாகியிடம் இருக்கும். பிள்ளை அதன் எண்ணைக் குறிக்கும் வில்லை ஒன்றை வேலை நேரத்தில் உடன் வைத்திருக்க வேண்டும். சான்றுக்கு ஆயுள் 12 மாதமே. அதற்கான கட்டணத்தைப் பிள்ளையிடமோ பெற்றோரிடமோ பிடிக்கலாகாது. ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் அது ஆலை வாசலோடு நின்றது. வீட்டுத் திண்ணையில் ஓடும் தறிக்கு அது என்றுமே வந்ததில்லை.

வீட்டுத் தறிக்கு வந்து சேர்ந்த சட்டம் வேறு. 1986-இல் இயற்றப்பெற்று 2016-இல் பெரிதும் திருத்தப்பட்ட குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டத்தின்படி, 14 வயது நிறையாத குழந்தையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை அபாயமான தொழில்களில் வைக்கக் கூடாது. மற்றத் தொழில்களில் வைத்தால், பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம், வேலையின் தன்மை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, ஆய்வாளர் கேட்கும்போது காட்டவேண்டும். குழந்தையை வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

“வீட்டுப் பிள்ளை கூடமாட ஒத்தாசை செய்வதைச் சட்டம் அனுமதிக்கிறதே, ஐயா!” என்று பல ஊர்களில் அங்கத்தினர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அனுமதிக்கிறது என்பது மெய். பள்ளி நேரம் போகவும், விடுமுறை நாட்களிலும் பிள்ளை தன் குடும்பத்துக்கு உதவலாம். ஆனால் 2017-இல் வந்த விதிகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும். இரவு 7 மணிக்கு மேல் காலை 8 மணி வரை கூடாது. வயது வந்த ஓர் ஆளுக்குப் பதிலாகப் பிள்ளையை உட்கார்த்தக் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமாக, அந்த உதவி, குடும்பத்துக்கு வருமானம் தரும் உற்பத்தியின் எந்தக் கட்டத்திலும் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. குடும்பம் என்பதும் தாய், தந்தை, உடன்பிறந்தார், பெற்றோரின் உடன்பிறந்தார் என்ற அளவிலேயே நிற்கிறது. தூரத்து உறவு அதில் அடங்காது. சங்கத்துக்காக நெய்யும் சேலை கூலிக்கு நெய்வது. அதன் கரை நாடாவைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை போட்டால், அது கூடமாட ஒத்தாசை ஆகாது.

இனி மற்ற வகைக் காகிதத்துக்கு வருகிறேன். தணிக்கையாளர் கொடுக்கும் அறிக்கையை மகாசபையில் வாசிக்கக் கேட்டிருப்பீர்கள். அந்த அறிக்கை மரத்தின் கனி என்றால், வேலைக் காகிதங்கள் அதன் வேர்கள். கையிருப்பை எண்ணிய நாள், நேரம், உடன் இருந்தவர். எந்தெந்தச் செலவுச் சீட்டுகளைப் பொறுக்கிப் பார்த்தார். நூலிருப்பைத் தாமே நிறுத்தாரா, பிறர் சொன்ன எடையை எழுதினாரா. முரண்பாடு கண்ட இடத்தில் என்ன விளக்கம் பெற்றார் – இவையெல்லாம் அவற்றில் இருக்கும். அந்த வேலையோடு முன் தொடர்பு இல்லாத அனுபவமிக்க மற்றொரு தணிக்கையாளர் அந்த ஏடுகளைப் புரட்டினாலே, செய்தது என்ன, கண்டது என்ன என்று விளங்கவேண்டும் என்பது இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் வெளியிட்ட தணிக்கைத் தரம் 230-இன் சாரம். வாயால் சொல்லும் விளக்கம் எழுத்துக்கு ஈடாகாது என்பதும் அதிலே அடக்கம்.

இந்தக் காகிதங்கள் யாருக்குச் சொந்தம் என்று ஒரு துணி ஆலையே வழக்காடியிருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காலுறை நெய்து பேர்பெற்ற இப்ஸ்விச் ஆலை, தன் கணக்குகளைப் பார்த்த கணக்காளரிடம் அவரது குறிப்பேடுகளைக் கேட்டது. கணக்காளர் தம் வேலைக்காகத் தாமே தயாரித்த ஏடுகள் அவருக்கே உரியவை என்று 1927-இல் தீர்ப்பாயிற்று. அதே மாசசூசெட்ஸ்தான், 15 வயதுக்குட்பட்ட ஆலைப் பிள்ளைகள் ஆண்டுக்கு மூன்று மாதமேனும் பள்ளிக்குப் போகவேண்டும் என்று 1836-லேயே சட்டம் செய்த மாநிலம். இருவகைக் காகிதங்களுக்கும் அங்கே நூல்வாசனை உண்டு.

காகிதம் சரியாக இருந்தும் காரியம் பொய்யாகலாம் என்பதற்கு உலகறிந்த சான்று மக்கெசன் அண்டு ராபின்ஸ் என்ற மருந்துக் கம்பெனியின் கதை. 1938-இன் இறுதியில் அது வெளிப்பட்டது. 8 கோடியே 70 லட்சம் டாலர் சொத்து இருப்பதாகக் காட்டிய கம்பெனியில், ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் வெறும் எழுத்து. அதில் சுமார் ஒரு கோடி டாலர், கனடாவில் பண்டகசாலைகளில் அடுக்கியிருப்பதாகச் சொல்லப்பட்ட சரக்கு. சரக்கும் இல்லை, அவை இருந்ததாகச் சொன்ன பண்டகசாலைகளும் இல்லை. தணிக்கையாளர்கள் சோம்பேறிகள் அல்லர். ரசீதுகளைப் பார்த்தார்கள், கூட்டலைச் சரிபார்த்தார்கள், ஏடு ஏடாக எழுதினார்கள். போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்க்கும் வழக்கம் அந்நாளில் கட்டாயமாக இல்லை. மறு ஆண்டே, 1939-இல், சரக்கு எண்ணும்போது நேரில் நிற்பதும், கடன்பட்டவர்களுக்கு நேரே எழுதிக் கேட்பதும் தணிக்கையின் வழக்கமான கடமைகளாகச் சேர்க்கப்பட்டன.

போய்ப் பார்த்து எழுதியவர் ஒருவரும் அதே நாட்டில் இருந்தார். லூயிஸ் ஹைன் என்ற பள்ளி ஆசிரியர், 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் பஞ்சாலைகளுக்குள் ஏதேதோ சாக்குச் சொல்லி நுழைந்து புகைப்படம் எடுத்தார். பிள்ளைகளின் உயரத்தைத் தம் சட்டைப் பொத்தான்களைக் கொண்டு அளந்துகொள்வார். பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது அவருக்கு முன்பே தெரியும். சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே குறிப்பு எழுதுவார். அந்தக் கிறுக்கல்களைத்தான் நான் இருவகைக் காகிதமும் ஒன்றான காகிதம் என்பேன்.

இப்போது என் கதை. வடமாவட்டம் ஒன்றில் ஒரு பட்டு நெசவாளர் சங்கம். பெயர் வேண்டாம். ஆண்டு ஆய்வுக்குச் சென்றிருந்தேன். பிற்பகல் வெப்பத்தில், செலவுச் சீட்டுக் கட்டு ஒன்றைப் புரட்டுகையில், அங்கத்தினர் ஒருவருக்கு மனைவியின் ஈமச் செலவுக்காகச் சங்கம் உதவித்தொகை கொடுத்த சீட்டு கண்ணில் பட்டது. பெரியவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரே மகன் திருமணமாகித் தனியே போய், பெருந்தொழிற்சாலை ஒன்றில் வேலையாயிருப்பதாகக் குமாஸ்தா சொன்னார். அந்தப் பெயரைச் சேலை வரவுப் பதிவேட்டில் தேடினேன். கோர்வைச் சேலைகள். மனைவி காலமான மாதம் வரவு இல்லை; அதற்கடுத்த மாதமும் இல்லை. மூன்றாவது மாதத்திலிருந்து, அம்மையார் உயிரோடிருந்த காலத்தில் வந்த அதே கணக்கில் கோர்வைச் சேலைகள் வந்துகொண்டிருந்தன. கடன் பேரேட்டையும் எடுத்தேன். அந்த இடைவெளி மாதத்தில் பெரியவர், வீட்டுக் கூரை பழுது பார்க்கவென்று சங்கத்தில் கடன் பெற்றிருந்தார்.

ஈமச் செலவுச் சீட்டை ஒருவர் தணிக்கை செய்தார், சரி. சேலை வரவை ஒருவர் சரிபார்த்தார், சரி. கடன் மனுவில் நிர்வாகக் குழுத் தீர்மானம் இருந்தது; சரி. மூன்றையும் ஒரே மேசையில் பக்கத்துக்குப் பக்கமாக யாரும் வைத்துப் பார்த்ததில்லை. வைத்தால் ஒரு கேள்வி எழுகிறது: இரண்டாவது ஆள் யார்?

குமாஸ்தாவிடம் கேட்டேன். அவர் நல்லவர், வியப்போடு என்னைப் பார்த்து, “சங்கத்துக்குச் சேலைதானே சார் கணக்கு? கை கணக்கா?” என்றார். கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஏனெனில் அச்சமயம் என் பையில் முந்தைய ஆய்வின் குறிப்புகள் இருந்தன. எட்டு மாதங்களுக்கு முன், அந்த அம்மையார் இறந்து வெகுநாள் கழித்து, என் கையெழுத்தில், “12 தறிகள் நேரில் பார்வையிடப்பட்டன, இயங்குகின்றன” என்று எழுதியிருந்தது. அந்தப் பெரியவரின் தறி எண்ணுக்கு எதிரே என் பேனாவின் சரிக்குறி. நான் பார்த்தது ஏழு தறிகள். மழை வந்துவிட்டது, பேருந்துக்கு நேரமாயிற்று, மீதி ஐந்துக்குச் செயலாளர் சொன்னதை எழுதினேன். மக்கெசன் கம்பெனிக் கதையை அதற்கும் முன்பே பரீட்சைக்காக உருப்போட்டவன் நான்.

அன்று மாலையே அந்தத் தெருவுக்குப் போனேன். கூரையில் பழுது பார்த்த அடையாளம் இல்லை. தறிக்குழியில் பெரியவர், வலப்பக்கப் பலகையில் ஒரு பையன். “இது யார், பெரியவரே?” என்றேன். “தூரத்து உறவுங்க, ஐயா, சும்மா வந்திருக்கான்” என்றார். பையனிடம், “தம்பி, என்ன படிக்கிறாய்?” என்று கேட்டேன். அவன் தலை நிமிரவில்லை. நாடாவைப் போட்டு, மறுபடி வாங்கி, இழையைக் கோத்து, அந்த வரிசை முடிந்த பின்புதான் “ஏழாவது முடிச்சேன், சார்” என்றான். சும்மா வந்தவன் வரிசை முடியும் வரை காத்திருக்க மாட்டான். விசாரித்ததில் எல்லாம் வெளிவந்தது. பையனுக்குப் பதின்மூன்று வயது. பக்கத்து வட்டத்தைச் சேர்ந்தவன். அவன் தகப்பனுக்குப் பெரியவர் முன்பணம் கொடுத்திருக்கிறார். அது தீரும் வரை பையன் இங்கே. கூரைக்கென்று சங்கம் கொடுத்த கடன்தான் அந்த முன்பணம். நம் சங்கத்தின் பணம், நம் அங்கத்தினர்களின் பங்குத்தொகையும் சேமிப்பும் சேர்ந்த பணம், ஒரு பையனைப் பலகையில் உட்கார்த்தியிருந்தது. எந்தக் கணக்கிலும் ஒரு பைசாத் தவறில்லை.

பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933-லேயே இந்நாட்டில் சட்டம் செய்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது; அதன்படி அத்தகைய முன்பணக் கடனே அழிந்துபோகிறது. இவ்வளவுக்குப் பிறகும், காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட பிள்ளைகள் இருப்பதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்பின் நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது என்பதை ஊர் ஊராகச் செல்லும் நான் மகிழ்ச்சியோடு சொல்வேன். மாறியிருக்கிறது என்பதாலேயே நாம் பார்ப்பதை நிறுத்திவிட்டோம் என்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

விவசாய அங்கத்தினர்கள் இதைத் தறித் தெருவின் விவகாரம் என்று ஒதுக்க வேண்டாம். கலப்பினப் பருத்தி விதை எடுக்கும் வயல்களில், பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்கச் சிறு விரல்களே ஏற்றவை என்ற பேச்சை நானே கேட்டிருக்கிறேன். அங்கும் கணக்கில் விதை எடைதான் இருக்கும். தொட்ட விரல் இராது.

நான் முறைப்படி அறிக்கை எழுதினேன். அதில் என் பழைய சரிக்குறியைப் பற்றியும் எழுதினேன். மேலதிகாரி அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மற்ற நான்கு தறிகளையும் போய்ப் பார்த்தாயிற்றா என்று மட்டும் கேட்டார். தொழிலாளர் துறையினர் வந்தனர். பையன் ஊர் திரும்பி எட்டாம் வகுப்பில் சேர்ந்தான். பெரியவர் முன்பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. சங்கக் கடனோ அவர் பெயரில் அப்படியே நிற்கிறது. இதில் அவர் என்மேல் கொண்ட கோபம் இன்னும் தணியவில்லை. அவரை நான் கொடியவர் என்று எண்ணவில்லை. நாற்பது ஆண்டுகள் மனைவி உட்கார்ந்த பலகை ஒரு நாளில் காலியாயிற்று. சங்கம் ஈமச் செலவுக்குப் பணம் கொடுத்தது. அந்தப் பலகையைப் பற்றிக் கேட்கவில்லை.

நிர்வாகக் குழுவில் இது பற்றி இரண்டு கூட்டங்கள் நடந்தன. இப்போது அச்சங்கத்தின் கோர்வைக் கூலிப் பட்டியலில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. துணை ஆளின் பெயர், பிறந்த தேதி, அதற்கு ஆதாரமாகப் பார்த்த சான்று, கையொப்பம். சான்றைப் பார்த்தவர் யார், எந்த நாளில் பார்த்தார் என்பதையும் அவரே எழுதவேண்டும். சில அங்கத்தினர்கள் எதிர்த்தார்கள்: “பெண்சாதி பேரை எழுதிக் கையெழுத்து வாங்கினால் நாளைக்கு அவள் தனிக் கூலி கேட்பாளே!” என்றார் ஒருவர். சபை சிரித்தது. பின் வரிசையில் இருந்த பெண் அங்கத்தினர்கள் சிரிக்கவில்லை என்பதை என் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

சென்ற ஆய்வின்போது பன்னிரண்டு தறிகளையும் பார்த்தேன். வீட்டுக்குள் போய், பலகையில் இருப்பவரோடு பேசி, நேரத்தையும் எழுதினேன். மனைவியர் ஒன்பது பேர், ஒரு மருமகள், தம்பி ஒருவர். பன்னிரண்டாவது தறியில் பெரியவர் தனியே உட்கார்ந்து, ஒரே நாடா ஓடும் சாதாரணச் சேலை நெய்துகொண்டிருந்தார். கூலி குறைவு. வலப்பக்கப் பலகையில் தார்க் கூடை இருந்தது. “வயது வந்த ஆளையே வைத்துக்கொள்கிறேன், ஐயா. கோர்வைக் கூலியில் அவனுக்குக் கொடுத்தது போக எனக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்” என்றார். திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அந்தத் தாளில் தேதியிட்டுக் கையொப்பம் வைத்து, கோர்வைக் கூலி விகிதத்தை இரண்டு ஆளுக்கு ஏற்ப மாற்றுவது பற்றி நிர்வாகக் குழுவின் பதில் வேண்டும் என்று எழுதிக் கட்டில் சேர்த்திருக்கிறேன்.